வீசை தெரிந்தவர்கள் வேண்டும்

“அரை விசை புளியை முதல்நாளே ஊறப்போட்டு” என்று திரையில் இருந்தது. அத்தை அந்த வரியிலேயே நின்றுவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வலப்பக்கம் இருந்த பழைய அச்சுப் பக்கத்தைப் பார்த்தார். இடப்பக்கம் இருந்த எழுத்தைப் பார்த்தார். “புளிக்கு ஏதுடா விசை? அது வீசை. எங்கம்மா கடைசி வரைக்கும் புளியும் வெல்லமும் வீசைக் கணக்குலதான் சொன்னா.”

அதே பக்கத்தை முந்தின நாள் நான் படித்திருந்தேன். ‘விசை’ என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே. என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் தாண்டித்தான் போகும். அத்தை தாண்டவில்லை, ஏனென்றால் புளியும் வீசையும் அவர் காதில் ஒன்றாக விழுந்து வளர்ந்த சொற்கள்.

ஒரு வீசை என்பது 40 பலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. 1958 தொடங்கிப் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தபின் கடைகளிலிருந்து வீசை போய்விட்டது. வீட்டுப் பேச்சிலிருந்து போக இன்னும் ஒரு தலைமுறை ஆனது. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது, எண்பது வயது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை அவர்கள் பாடமாகப் படிக்கவில்லை, அரிசி அளந்து பழகினார்கள். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் எழுத்தாக்கும் வேலைக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த வேலை நடக்கும் இடத்துக்கு அவர்களில் மிகச் சிலரே வருகிறார்கள். வந்தவர்களிலும் பலர் ஒரு வாரத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது, என்ன செய்தால் தங்குவார்கள் என்பது எனக்குச் சில ஆண்டுகளாகவே மனத்தில் இருக்கும் கேள்வி.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். விக்கிமூலம் என்பது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தளம். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவார்கள். விக்கிமூலத்தில் ஏற்கெனவே அச்சான நூல்களை உள்ளது உள்ளபடி எழுத்தாக்கி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைப்பார்கள். தமிழுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு அமைந்தது. 1949-இல் பாரதியின் எழுத்துகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு தன்வசமாக்கியது, பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசு, எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து மேலும் பலருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய, அதாவது ஸ்கேன் செய்த, இப்படிப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கான பக்கங்கள். பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர் என்ற மென்பொருளைக் கொண்டு அவற்றை எழுத்தாக்கினார்கள். இனி மனிதக் கண் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். அங்கேதான் வேலை தேங்கி நிற்கிறது.

மென்பொருளுக்குப் பெரிய தொல்லை கால். ‘ா’ என்ற துணைக்காலையும் ‘ர’ என்ற எழுத்தையும் அது குழப்பிக்கொள்ளும். ‘வந்தார்’ என்பது ‘வந்தரர்’ ஆகிவிடும். ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும், இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பாகும். பழைய நூல்களில் பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ் எண்ணாக இருக்கும். ௧ என்ற ஒன்று ‘க’ ஆகிவிடும், ௨ என்ற இரண்டு ‘உ’ ஆகிவிடும். நூற்றாண்டுப் பழைய தாளில் மை பரவிய இடமெல்லாம் புள்ளிகளாகும், புள்ளிகள் மறைந்தும் போகும். ‘வரம்’ என்று திரையில் இருப்பது வரமா, வாரமா, வாமமா? அந்த வரியின் பொருளை உணர்ந்து படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978 அக்டோபரில். அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை தூக்கிய வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலைத் தனியே போடாமல் எழுத்தோடு சுழித்துச் சேர்த்த வடிவத்தில் இருக்கும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ இவற்றையும் சேர்த்தால் பதின்மூன்று எழுத்துகள். இன்று கல்லூரியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலர் அந்தச் சுழித்த ‘றா’வைப் பார்த்துவிட்டு இது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. என் அத்தை 1954-இல் பிறந்தவர். சிலேட்டில் அந்த எழுத்துகளைத்தான் எழுதிப் பழகினார். அவருக்கு அது எழுத்து, அவ்வளவுதான். கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு என்ற எழுத்து முறையில் பழைய வடிவத்துக்குத் தனி இடம் கிடையாது. பழைய லையும் புதிய லையும் கணினிக்கு ஒன்றே. ஆகவே பழைய வடிவத்தைக் கண்டால் இன்றைய எழுத்தைத் தட்டினால் போதும். ஆனால் கண்டுகொள்ள ஆள் வேண்டுமே!

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. பழைய நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தர அமெரிக்காவில் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்துக்காக, பக்கம் பக்கமாகப் பிரித்து மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர் குழு ஒன்று 2000-இல் உருவானது. அவர்கள் வருகிறவர்களிடம் கேட்டது, இன்றும் கேட்பது, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தமிழில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் பேராசிரியர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வீட்டிலிருந்தபடியே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் சரிபார்த்தும் அனுப்பினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தபோது, இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்க மாதங்களில் பெரும்பாலும் தனியாளாகவே எழுதிக்கொண்டிருந்தார். அவர் தொடங்கிய கட்டுரைகள் நாலாயிரத்தைத் தாண்டும். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் தரும் இயல் விருது 2015-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. 1936-இல் பிறந்த தமிழறிஞர் செங்கைப் பொதுவன், எழுபது வயதைத் தாண்டியபின் விக்கிப்பீடியாவுக்கு வந்து சங்க இலக்கியம் பற்றியும் தமிழர் விளையாட்டுகள் பற்றியும் எழுதிக் குவித்தார். வயதானவர்களால் முடியுமா என்ற கேள்விக்கு நான் இதற்கு மேல் பதில் தேட மாட்டேன்.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் வரவில்லை? ‘டெக்னாலஜி பயம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ தாத்தா பாட்டிகள் பத்தே நாளில் வீடியோ அழைப்பு கற்றுக்கொண்டார்கள். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கை தானாகக் கற்றுக்கொள்கிறது. அவர்கள் ஏற்கெனவே இணையத்தில்தான் இருக்கிறார்கள். படிக்கிறார்கள், பார்க்கிறார்கள், கோயில் திருவிழாப் படத்தை நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். எழுதும் பக்கத்துக்கு மட்டும் வருவதில்லை.

என் அத்தை தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் ஹையர் முடித்தவர், வேகத்துக்குப் பேர் போனவர். அவரிடம் முதல்முறை இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியபோது, விசைப்பலகையில் கைவைக்கவே மறுத்துவிட்டார். “இது எல்லாரும் பாக்கறதுன்னு சொல்றே. நான் ஏதாவது தப்பா அழுத்திட்டா?” எனக்குப் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் தட்டச்சு செய்தவருக்கு இதில் என்ன பயம்? அப்புறம்தான் அவர் ஸ்டென்சில் கதையைச் சொன்னார்.

நூறு பிரதி வேண்டுமென்றால் அப்போது சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை மிஷினில் ஏற்றி, ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்தே தாளைத் துளைக்கும்படி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தவறினால் சின்ன புட்டியில் இருக்கும் சிவப்புத் திரவத்தைத் தொட்டு அந்தத் துளைமேல் பூசி, ஊதிக் காயவிட்டு, மறுபடி சரியாக அதே இடத்தில் அடிக்க வேண்டும். காய்வதற்குள் அடித்தால் கிழியும். ஒரு தாளில் மூன்று சிவப்பு விழுந்தால் அதிகாரி முகம் மாறும். ஐந்தானால் தாள் குப்பைக்குப் போகும். வீணான தாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அப்படி முப்பத்தைந்து வருஷம். தப்பு செய்தால் தாள் போகும், பேர் போகும், சில நேரம் மெமோவும் வரும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். அவரைப் போலவே கணக்குப்பிள்ளை, வங்கிக் காசாளர், தந்தி ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று ஒரு தலைமுறையே தவறுக்கு விலை கொடுத்துப் பழகியது. அவர்கள் தயங்குவது திறமை இல்லாததால் வருவதில்லை. பொறுப்பு மிகுதியால் வருவது.

அதனால் அத்தைக்கு நான் முதலில் காட்டியது தொகுக்கும் பொத்தானை அல்ல, ‘வரலாறு’ என்ற பொத்தானை. விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய நிலை எதுவும் அழிவதில்லை. அத்தையை ஒரு பயிற்சிப் பக்கத்துக்குக் கூட்டிப் போய், அதில் இருப்பதையெல்லாம் அழித்துச் சேமிக்கச் சொன்னேன். சேமித்தார். பக்கம் வெறுமையாக நின்றது. முகம் வெளுத்துவிட்டது. வரலாற்றைத் திறந்து முந்தைய நிலைக்குத் திருப்பியதும் எல்லாம் திரும்பி வந்தது. “இன்னொரு தரம் அழிச்சுப் பாக்கட்டுமா?” என்று கேட்டார். மூன்று தரம் அழித்தார், மூன்று தரம் மீட்டார். அன்று சாயங்காலம் அவரே ஒரு வரியைத் திருத்தினார். மூத்தவர் யாருக்காவது சொல்லிக்கொடுக்க நினைக்கிறவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் கெடுக்கவும் மீட்கவும் சொல்லிக்கொடுங்கள், எழுதுவது பிறகு.

அழைக்கும் விதமும் முக்கியம். “சும்மாத்தானே இருக்கீங்க, பொழுது போகும்” என்று சொல்லி அழைக்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷம் மற்றவர்களுக்கு வேண்டியவராக இருந்தவரிடம், உங்கள் பொழுது மலிவு என்று சொல்வது போல் ஆகிவிடும். “இந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை, இந்த வரியைக் கொஞ்சம் சொல்லுங்க” என்று கேட்டால் அதுவே வேறு. அது உண்மையும்கூட. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கும். அவர்களில் தமிழாசிரியர்கள், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள், பத்திர எழுத்தர்கள், நூலகர்கள் எத்தனை பேர்! குறிப்பாகப் பத்திர எழுத்தர்கள். அணா, பை என்ற காசுக் கணக்கும் குழி, மா, வேலி என்ற நில அளவும் பழைய ஆவணங்களில் வந்தால் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் 1-இல் புதுக்காசு வந்த பிறகும் நாம் நாலணா, எட்டணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 25 காசு நாணயம் செல்லாமல் போன 2011 ஜூன் வரை நாலணா கையில் இருந்தது.

சரி, எங்கே அழைப்பது? இதில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. புதிதாக வரும் மூத்தவரை நேரே விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதக் கூட்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் மனம் நொந்து திரும்புவது அங்கேதான். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் ஊர் ஏரியைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் போனது, எந்த வருஷம் உடைந்தது, யார் கரை கட்டினார்கள் என்று எல்லாம் நேரில் பார்த்தவர். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ‘சான்று இல்லை’ என்ற அறிவிப்பு தலைமேல் வந்து உட்கார்ந்தது. மறுநாள் கட்டுரை நீக்கப்பட்டிருந்தது. “என்னைவிட என்ன சான்று வேணும் அவங்களுக்கு?” என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கலைக்களஞ்சியம் என்பது ஏற்கெனவே அச்சிலோ நம்பகமான இடத்திலோ வெளிவந்ததைத் தொகுத்துத் தருவது. நேரில் பார்த்தவரின் நினைவு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், படிக்கிறவர் அதைச் சரிபார்க்க வழி இல்லாததால் அங்கே ஏற்க மாட்டார்கள். விதி நியாயமானதுதான். ஆனால் நினைவுக்கு வேறு வீடுகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களுக்காக 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்து வைக்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போன ஊர்க்காரர்களுக்கு, ஒரு பெரியவரின் பேச்சைப் பதிவு செய்வது என்றால் என்னவென்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஏரிக்கரையின் படம் எடுத்தால், படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ‘மடை’, ‘கலிங்கு’, ‘மதகு’ என்ற சொற்களின் பொருளை விக்சனரி என்ற இணைய அகராதியில் செம்மைப்படுத்தலாம். அந்த ஆசிரியரை இதற்கெல்லாம் வரவழைத்திருக்க முடியும். முதல் அனுபவம் கசந்துபோனதால் அவர் பிறகு வரவே இல்லை.

இதில் இளையவர்களுக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. தானியங்கி அறிவிப்பை ஒட்டுவதற்கு ஒரு நொடி போதும். அதற்குக் கீழே, “ஐயா, வணக்கம். ஏரியைப் பற்றி அருமையான செய்திகள். இவை வந்த நூலோ மலரோ இருந்தால் சொல்லுங்கள், நான் சேர்த்துத் தருகிறேன்” என்று எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒருவர் தங்குவதும் போவதும் முடிவாகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது, இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. எண்ணிக்கை வளர்ந்த அளவுக்கு வரவேற்பும் வளர வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு தடை, மோசடி பயம். இதை யாரும் அலட்சியமாகப் பேசக்கூடாது. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி, ஓய்வூதியக் காசையெல்லாம் பறித்த செய்திகள் வாரம்தோறும் வருகின்றன. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. யாராவது மிரட்டினால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். இந்தச் செய்திகளையெல்லாம் படித்துவிட்டு, தெரியாத தளத்தில் பேர் கொடுக்கப் பெரியவர்கள் யோசிப்பது அறிவுள்ள செயல். அதனால் தெளிவாகச் சொல்லுங்கள்: விக்கிமூலத்தில் கணக்கு தொடங்க ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போதும். போன் நம்பர் வேண்டாம், ஆதார் வேண்டாம், போனுக்கு ஓடிபி வராது. மின்னஞ்சல் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்க மின்னஞ்சல் இருந்தால்தான் முடியும், ஆகவே கொடுப்பது நல்லது. சொந்தப் பெயரில் எழுத வேண்டியதில்லை, ‘மல்லிகைப்பந்தல்’ என்றுகூட வைத்துக்கொள்ளலாம். நீங்கள் செய்யும் திருத்தம் அந்தப் பெயரில் எல்லோருக்கும் தெரியும். சில நாள்களில் நன்கொடை கேட்டு ஒரு பட்டை மேலே வரும். அது கட்டாயமில்லை, மூடிவிடலாம். என் அத்தைக்கு அந்தப் பட்டை முதல்முறை வந்தபோது கணினியையே அணைத்துவிட்டார். முன்பே சொல்லாதது என் தவறு.

தட்டச்சில் ஒரு நல்ல செய்தி. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலித்து அடிக்கும் முறையும் இருக்கிறது. இவற்றைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களுக்கு அதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டிய பாரம். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பை ஒட்டிய விசைப்பலகையும் விக்கியின் உள்ளீட்டுக் கருவிகளில் இருக்கிறது. அதைத் தேர்ந்துகொடுத்த அன்று அத்தையின் விரல்கள் பத்தும் எழுந்துகொண்டதைப் பார்த்தேன். பதினைந்து வருஷம் தொடாத விசைகள்! இரண்டு வரி தாண்டுவதற்குள் வேகம் வந்துவிட்டது. தட்டச்சே தெரியாதவர்களுக்குக் குரலில் சொல்லி எழுதும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பதில் பெரும்பாலும் ஒரு எழுத்து, இரண்டு எழுத்து மாற்றுவதுதான் வேலை. அதற்கு ஒரு விரல் போதும்.

கைபேசியில் இந்த வேலை சிரமம். படமும் எழுத்தும் அருகருகே தெரிய வேண்டும், சின்னத் திரையில் முடியாது. பேரன் மாற்றிவிட்டு மூலையில் போட்டிருக்கும் பழைய மடிக்கணினி போதும். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். கண்புரை அறுவை ஆனவர்களுக்கு வெள்ளைத் திரை கூசும், வெளிச்சத்தைக் குறையுங்கள். அரை மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது சுட்டெலியை நீங்கள் தொடவே கூடாது. “குடுங்க, நானே பண்ணித் தர்றேன்” என்பதுதான் நாம் வீட்டில் அதிகம் சொல்லும் வார்த்தை. வேலை முடியும், கற்றல் முடிந்துபோகும். அத்தை பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையால் எழுதி வைத்துக்கொண்டார்: “1. பேர் போட்டு உள்ளே போ. 2. பென்சில். 3. வலது பக்கம் பார், இடது பக்கம் திருத்து. 4. கீழே மஞ்சள் பொட்டு வை. 5. சேமி. 6. காப்பி.” நான் அச்சிட்டுக் கொடுத்த நாலு பக்கக் கையேட்டை அவர் திறந்ததே இல்லை. அவருடைய ஆறு வரிதான் இன்றும் கணினி பக்கத்தில் நிற்கிறது.

மஞ்சள் பொட்டு என்று அவர் சொல்வது பக்கத்தின் நிலை. மென்பொருள் தந்தபடியே கிடக்கும் பக்கம் சிவப்பு. ஒருவர் படித்துத் திருத்தியதும் மஞ்சள். இன்னொருவர் வந்து மறுபடி படித்து, சரி என்றால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, தளம் அனுமதிக்காது. இந்தச் சின்ன விதியில்தான் மூத்தவர்களைத் தங்கவைக்கும் மருந்து இருக்கிறது என்பேன். எழுதிப்போட்டதை யாராவது படித்தார்களா என்று தெரியாமல் இருப்பதுபோல மனத்தைச் சோர்வாக்குவது வேறில்லை. இங்கே ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் எழுத்தெழுத்தாகப் படித்தே தீர வேண்டும். அத்தையின் பக்கங்களைப் பச்சையாக்குகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று தெரியாது. வரலாற்றில் ஒரு புனைபெயரும் நேரமும் மட்டும் இருக்கும், பெரும்பாலும் அதிகாலை மூன்று மணி, நாலு மணி. “வெளிநாட்டுல இருக்கற பிள்ளையோ என்னவோ, இல்லாட்டி என்னைப் போலத் தூக்கம் வராத கிழவியோ” என்பார். காலையில் எழுந்ததும் அவர் பார்ப்பது அதைத்தான்.

வீசையைத் திருத்திய பக்கமும் பச்சையாயிற்று. அதன் பேச்சுப் பக்கத்தில் அந்தப் புனைபெயர்க்காரர் ஒரு கேள்வி விட்டிருந்தார்: “வீசை என்றால் இன்றைய கணக்கில் எவ்வளவு, அம்மா?” பயனர்பெயரை வைத்து அம்மா என்று ஊகித்திருக்கிறார். அத்தை பதில் எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். 40 பலம் என்று தொடங்கி, அவர் அம்மா புளியைக் கொட்டை நீக்கி உப்புப் போட்டுப் பானையில் அடைத்த விதம் வரைக்கும் போய்விட்டது. கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டேன். “அந்தப் பிள்ளை கேட்டுச்சு, நான் சொல்றேன். நீ போய் உன் வேலையைப் பாரு” என்றார்.

இப்போது அதே நூலில் 83-ஆம் பக்கத்தில் நிற்கிறது வேலை. மின்வருடும்போது தாளின் மூலை மடிந்து, நாலு வரியின் கடைசிச் சொற்கள் தெரியவில்லை. ஊகித்து எழுத அத்தை ஒப்பவில்லை, சிக்கல் என்று குறித்து ஊதா நிறத்தில் விட்டுவைத்திருக்கிறார். அந்த நூலின் அச்சுப்படி ஏதாவது கிளை நூலகத்தில் இருக்குமா என்று தன்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டவர்களில் இரண்டு பேர், அது என்ன வேலை, நாங்களும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். பால் நோட்டின் ஆறு வரியை இரண்டு தாளில் நகல் எடுத்து வைத்தாயிற்று.